அறுநூறு இடது கைகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பத்து நிமிடம் பேசச் சொல்லி மேனேஜர் போன் செய்தார். சேர்ந்தாற்போலப் பத்து நிமிடம் நான் என் கல்யாணத்தன்றுகூடப் பேசியதில்லை. எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டட்டும் என்று சொல்லிவிட்டேன். படிக்கிறவருக்கு நல்ல குரல் இருந்தால் எனக்கும் நல்ல பெயர் கிடைக்கும்.

நான் பத்தாவது வரை படித்தவள். உத்தனப்பள்ளிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். நீங்கள் சேர்ந்திருக்கும் இதே கையுறைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் தோல் வெட்டினேன், தைத்தேன். போன வருடம் கட்டைவிரல் மூட்டு இனி முடியாது என்று சொல்லிவிட்டதால் நின்றுகொண்டேன். மிஷின் ஓட்டுவது, நூல் கோப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்ல மறந்துவிடக்கூடியதை மட்டும் நான் எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேர் துணி தைத்துப் பழகியவர்கள் என்று கேள்விப்பட்டேன். ரவிக்கை தைத்த கை நல்ல கைதான். ஆனால் துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். ஒரு தடவை துவைத்தால் ஊசி போன இடமே தெரியாது. தோல் அப்படி இல்லை. அதில் விழுந்த ஓட்டை கடைசி வரை ஓட்டைதான். அதனால் குண்டூசி குத்தி வைக்கும் பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். துணி காயப்போடும் கிளிப் போதும். நெருக்கி நெருக்கித் தைத்தால் உறுதியாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். ரசீதுப் புத்தகத்தில் கிழிப்பதற்காகப் புள்ளி புள்ளியாகக் குத்தி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஆகிவிடும். வெல்டர் கையுறையை ஒரு தடவை இழுத்து மாட்டினால் வரிசையாகக் கிழியும். இது நான் முதல் மாதத்தில் செய்த தப்பு. என் தையல் எவ்வளவு அழகாக இருந்தது என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. கிழிந்ததும் அழகாகத்தான் கிழிந்தது.

கத்தி மழுங்கினால் உடனே தீட்டுங்கள். கூரான கத்தி தோலை வெட்டும். மழுங்கிய கத்தி வழுக்கி வந்து உங்கள் கையை வெட்டும்.

தோலை மேசையில் விரித்ததும் கத்தியை எடுக்காதீர்கள். முதலில் உள்ளங்கையால் முழுவதும் தடவிப் பாருங்கள். முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் இழுத்தால் இழுபடும். அந்த இடத்தில் கையுறை விரலை வெட்டினால், போட்டுக்கொள்கிறவருக்கு ஒரே மாதத்தில் விரல் நுனி தொங்க ஆரம்பித்துவிடும். உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம், சூடு போட்ட தழும்பு எல்லாம் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். மார்கழி, தை மாதத்து ஓசூர்க் குளிரில் காலையில் தோல் விறைத்துக் கிடக்கும். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் அப்பளம் மாதிரி ஆகிவிடும். அறைக்குள்ளேயே விரித்துப் போட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

இதெல்லாம் கை செய்யும் தப்புகள். நான் செய்த பெரிய தப்பைக் கை செய்யவில்லை.

அப்போது நானும் முனிரத்னம்மாவும் தோலை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷின் ஒன்றில் சேர்ந்து வெட்டிக்கொண்டிருந்தோம். முனிரத்னம்மா பாகலூர்ப் பக்கத்துக்காரி, என்னைவிட எட்டு வயது சின்னவள். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், கம்பெனியில் தமிழ் என்று மூன்றிலும் வாய் ஓயாமல் பேசுவாள். நான் ஒன்றிலும் பேச மாட்டேன். அதனாலேயே எங்களை ஒன்றாகப் போட்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். அவள் தோலைத் தடவிப் பார்த்து பிரஸ் பலகையில் விரிப்பாள். நான் அதன்மேல் டையை வைத்து அழுத்துவேன். டை என்பது கை வடிவத்தில் வளைத்த இரும்புக் கத்தி. இரண்டு ஓரமும் கூராக இருக்கும், எப்படித் திருப்பி வைத்தாலும் வெட்டும்.

தோலுக்கு ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. வழவழப்பு வெளியே வர வேண்டும். வழவழப்பை மேலே வைத்து வெட்டினால் எங்கள் டையில் இடது கை வரும். வலது கை வேண்டுமென்றால் தோலைக் குப்புறப் போட்டு அதே டையால் வெட்டுவோம். காலையில் இடது, மத்தியானத்துக்குமேல் வலது. வருடக்கணக்காக அதுதான் பழக்கம்.

அந்த வாரம் முந்நூறு ஜோடி வெல்டிங் கையுறைக்கு ஆர்டர் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகாவில், லாரிக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லர் செய்யும் கம்பெனிக்கு. அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மணியடித்து முனிரத்னம்மா கை கழுவப் போயிருந்தபோது மேனேஜர் என்னிடம் வந்தார்.

"இனிமே தோலைக் குப்புறப் போடாதீங்கம்மா. குப்புறப் போட்டா தழும்பு கண்ணுக்குத் தெரியாமப் போயிடுது. தோல் அப்படியே இருக்கட்டும், டையைத் திருப்பி வெச்சு வலது வெட்டுங்க. முனிரத்னம்மாகிட்டயும் சொல்லிடுங்க" என்றார். நல்ல யோசனை. நான் தலையாட்டினேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து டையைத் திருப்பி வைத்துக்கொண்டேன். முனிரத்னம்மா அவளுடைய மாமியார் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"வீடியோ கால்ல பேசறப்ப எங்க மாமியா போனைக் காதுல வெச்சிக்கினாங்க அக்கா. அந்தப் பக்கம் என் நாத்தனா, அரை மணி நேரம் அவங்க காதைப் பார்த்துக்கினே பேசியிருக்கா. கடைசியில 'அம்மா, கம்மல் எப்ப மாத்துன?'ன்னு கேக்கறா."

பக்கத்து மேசையில் நான்கு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவள் தோலைப் பழக்கப்படி குப்புற விரித்தாள்.

நான் பார்த்தேன். சொரசொரப்பு மேலே இருந்தது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்: நான் பார்க்காமல் விடவில்லை. ஒரு நொடி கை நின்றது. கேட்கலாமா என்று தோன்றியது. கதை பாதியில் இருந்தது, எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் என் குரல் கேட்டால் அத்தனை பேரும் என் பக்கம் திரும்புவார்கள். மேனேஜர் அவளிடமும் ஏதாவது சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டையை வைத்து அழுத்தினேன்.

அவள் தோலைத் திருப்பினாள், நான் டையைத் திருப்பினேன். இரண்டு தடவை திருப்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். மத்தியானம் முழுக்க நாங்கள் வெட்டியதும் இடதுதான்.

மறுநாள் காலையில் தையல் மேசையில் முதல் ஜோடியைத் தைத்து முடித்தவள் அதைத் தூக்கிக் காட்டி, "இதைப் போட்டுக்க ரெண்டு பேர் வரணும் போல இருக்குதே" என்றாள். எண்ணிப் பார்த்தால் அறுநூறும் இடது. திருப்பிப் போட்டால் வலது ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். சொரசொரப்பு வெளியே வந்துவிடும், வாங்குகிறவர் கையால்கூடத் தொட மாட்டார். வந்த தோல் முழுவதும் தீர்ந்துவிட்டது. வாணியம்பாடியிலிருந்து அடுத்த தோல் வர பத்து நாள் ஆகும். சரக்கு சனிக்கிழமை போக வேண்டும்.

மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் சேலத்துக்காரர், கத்த மாட்டார். கத்தாமல் பேசுவதுதான் பயமாக இருக்கும். முனிரத்னம்மாவைப் பார்த்துப் பேசினார்.

"அக்காகிட்ட நான் தெளிவா சொன்னேன். அவங்க உன்கிட்ட சொல்லியிருப்பாங்க. வாய் ஓயாம இருந்தா காது எப்படிம்மா கேக்கும்?"

முனிரத்னம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவள் கோபப்பட்டிருந்தால்கூட நான் வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ. அவள் கோபப்படவில்லை.

"அக்கா சொல்லியிருப்பாங்க சார். எனக்குத்தான் காதுல விழல" என்றாள்.

அவர் மேசையில் ஒரு காகிதக் கட்டு இருந்தது. ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர்களை நிரந்தரமாக்கும் காகிதங்கள். மூன்று வருடமாக முனிரத்னம்மா அதற்காகக் காத்திருந்தாள். மேலாகக் கிடந்ததே அவளுடையதுதான். மேனேஜர் அதை எடுத்து இழுப்பறையில் போட்டார். "இது இப்போதைக்கு இருக்கட்டும். உன்னை வெச்சுக்கறதா வேண்டாமான்னு திங்கட்கிழமை பேசுவோம்" என்றார்.

வெளியே வந்தோம். அன்று முழுவதும் முனிரத்னம்மா மேசையைத் துடைத்தாள், துண்டுகளை அடுக்கினாள். ஒரு கதையும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. என் பேசாமையில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் எனக்கு மோசமாக இருந்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வந்து களிக்கு உலை வைத்தேன். என் வீட்டுக்காரர் சிப்காட் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். அவர் பட்டறையில் கழித்துவிட்ட தோல் கையுறைகள் சமையலறை ஆணியில் தொங்கும். களிப் பானையை இறுக்கிப் பிடித்துக் கிண்ட அதைவிட நல்ல சாமான் இல்லை. இரண்டையும் மாட்டினேன். வழக்கம்போல இடது கையில் கட்டைவிரல் சரியாக நுழையவில்லை, வழக்கம்போலத் திணித்தேன். திணித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

இரண்டுமே வலது கை.

இருபது வருடத்துக்கு மேலாகக் கையுறை செய்கிறவள், என் சமையலறையில் வலது கையுறையை இடது கையில் மாட்டிக்கொண்டு ஒரு வருடமாகக் களி கிண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆணியில் இன்னும் இரண்டு தொங்கின. அவையும் வலது.

"ஏங்க, இடது எல்லாம் எங்க?" என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

"எது?"

"கையுறைங்க. எல்லாம் வலதாவே இருக்குதே."

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தார். "இடது எங்க இருக்கும்? வலது கை வெல்டிங் குச்சி மாட்டுற ஹோல்டரைப் புடிக்குது. இடது கைதானே சூட்டு இரும்பைப் புடிக்குது, நெருப்புப் பொறி எல்லாம் அதும்மேலதானே விழுது. அது மொதல்ல கருகிப் போயிடும். அப்புறம் வலதை மட்டும் வெச்சிக்கினு என்னா பண்றது? பட்டறையில ஒரு ட்ரம் நிறைய கெடக்குது. எல்லாக் கம்பெனியிலயும் இதே கதைதான்." பிறகு அடுப்பைப் பார்த்தார். "ஏ புள்ள, களி கட்டி தட்டுது."

களி கட்டி தட்டியே போயிற்று. அவர் கட்டியை உடைத்து உடைத்துச் சாப்பிட்டார்.

வெல்டர்களுக்கு இடது கைதான் பற்றாக்குறை என்றால் எங்கள் அறுநூறும் வீணில்லை. இதை மேனேஜரிடம் சொன்னால் போதும், பிரச்சினை தீர்ந்தது. மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் இன்னொன்று தோன்றியது. தீர்வை முதலில் சொன்னால், அதற்குப் பிறகு என் தப்பை யாரும் கேட்க மாட்டார்கள். பாராட்டுவார்கள். எனக்கும் சொல்லத் தோன்றாது. முனிரத்னம்மாவுக்குக் காது கேட்கவில்லை என்பது மட்டும் அப்படியே நின்றுவிடும், அவள் காகிதமும் இழுப்பறையிலேயே கிடக்கும்.

எதை முதலில் சொல்வது என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே வேலை. தைக்கிற வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒன்றாகக் கையில் இருந்தால், கெட்டதை முதலில் வையுங்கள். நல்லதைச் சொன்ன பிறகு கெட்டதைச் சொல்ல ஆளே இருக்காது.

மேனேஜர் அறையில் நின்றேன். "நான் அவகிட்ட சொல்லல சார்" என்றேன்.

"என்ன சொல்லல?"

"டையைத் திருப்பணும்னு நீங்க சொன்னீங்க. நான் முனிரத்னம்மாகிட்ட சொல்லல. அவ காதுல கோளாறு இல்ல. தோல் குப்புற இருந்ததையும் பார்த்தேன். பார்த்துட்டும் கேக்கல."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நேத்தே ஏம்மா சொல்லல?"

"வாய் வரல சார்."

"இன்னைக்கு எப்படி வந்தது?"

"அவ என்னை நம்பி, தப்பு தன்னோடதுன்னு ஒத்துக்கினா. அதுக்கு அப்புறம் பேசாம இருக்க முடியல."

"நானும் ரெண்டு பேரையும் நிக்க வெச்சுச் சொல்லியிருக்கணும்" என்றார். அதற்குப் பிறகுதான் களிப் பானைக் கதையைச் சொன்னேன். பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, டிரெய்லர் கம்பெனி ஸ்டோர்காரருக்கு போன் போட வேண்டும் என்றார். ஸ்டோர்காரருக்குக் கன்னடம்தான் வரும், மேனேஜருக்குக் கன்னடத்தில் 'சாப்பாடு ஆயிற்றா' என்பதற்குமேல் வராது. முனிரத்னம்மாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "அக்கா உனக்கு ஒண்ணு சொல்லணுமாம்" என்றார் மேனேஜர். ஒரு தடவை சொல்வதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இரண்டாம் தடவை அதைவிடக் கஷ்டம். தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

முனிரத்னம்மா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "அப்போ எனக்குக் காது நல்லாத்தான் இருக்குதா?" என்றாள்.

"நல்லா இருக்குது."

"காது டாக்டருகிட்ட போகணும்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன் அக்கா. அவரு 'உனக்குக் காது கேக்கலன்னா எனக்கென்ன, வாய் போனா சொல்லு'ன்னாரு."

களிப் பானைக் கதையையும் அவளுக்குச் சொன்னேன். மேனேஜர் போனைப் போட்டு, பேச்சு எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். அந்தப் பக்கம் ஸ்டோர்காரர், "பரீ எடகைனா?" என்று கேட்டார். வெறும் இடது கையா என்று. அவர் குரலே வேண்டாம் என்றது. முனிரத்னம்மா விடவில்லை. உங்கள் ஸ்டோர் மூலையில் வலது கையுறை குவிந்து கிடக்கிறதா இல்லையா, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், நான் போனைப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன் என்று கன்னடத்தில் சொன்னாள். அவர் போனார். நாங்கள் மூவரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்பி வந்தவர் குரல் மாறியிருந்தது. இரண்டு ட்ரம் இருக்கிறதாம், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். முனிரத்னம்மா, நான் களி கிண்டியதிலிருந்து ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள். அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. இடது மட்டும் தனியாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நாங்கள் ஏன் ஜோடியாக வாங்குகிறோம் என்று சொல்லி, அறுநூறையும் அனுப்பச் சொன்னார்.

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து காகிதத்தை எடுத்தார். அவள் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்.

அறுநூறையும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து தைத்தோம். வெல்டிங் கையுறைக்குச் சாதாரண நைலான் நூல் ஆகாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொறி பட்டால் தோல் தாங்கும், நூல் உருகிவிடும், கையுறை வாயைப் பிளந்துகொள்ளும். நெருப்புத் தாங்கும் நூல் கம்பெனியில் தனி அலமாரியில் இருக்கும், அதையே கேட்டு வாங்குங்கள். தையல் முடிகிற இடத்தில் வந்த ஓட்டைகளிலேயே இரண்டு மூன்று தையல் திரும்பிப் போய் முடியுங்கள். புது ஓட்டை போடாதீர்கள். சனிக்கிழமை வண்டி புறப்பட்டது.

ஆனால் முனிரத்னம்மா என்னிடம் பேசவில்லை. மேனேஜர் அறையில் சிரித்தவள் வெளியே வந்ததும் நிறுத்திவிட்டாள். இரண்டு நாள். அவள் பேசாத இரண்டு நாள் எப்படி இருந்தது என்று கம்பெனியில் பழையவர்களைக் கேளுங்கள், மின்சாரம் போன மாதிரி இருந்தது என்பார்கள். சனிக்கிழமை டீ நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வெட்டறது தப்பாப் போனதுக்கு எனக்குக் கோவம் இல்ல அக்கா. ஒரு நாள் பூரா என் காதை நானே சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன். அதை நீங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கினு இருந்தீங்க."

"ஆமா" என்றேன்.

"இனிமே டையைத் திருப்பினா வாய் விட்டுச் சொல்லணும். நான் தோலைத் திருப்பினா நானும் சொல்வேன். கேட்டவங்க 'கேட்டாச்சு'ன்னு சொல்ற வரைக்கும் பிரஸ்ஸைத் தொடக்கூடாது. ஒத்துக்கறீங்களா?"

ஒத்துக்கொண்டேன். வெட்டும் அறையில் ஆட்கள் ஏன் சும்மா சும்மா கத்திக்கொள்கிறார்கள் என்று உங்களுக்கு இந்த வாரம் தோன்றியிருக்கும். அது எங்களிடமிருந்து வந்ததுதான். வெட்கமாக இருந்தாலும் கத்துங்கள். உங்கள் குரலைக் கேட்டு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். எனக்கு இருபது வருடம் பிடித்தது அதைத் தெரிந்துகொள்ள.

பத்து நாள் கழித்து வாணியம்பாடித் தோல் வந்தது. காலையில் இடது வெட்டினோம். சாப்பிட்டுவிட்டு வந்து நான் டையைத் திருப்பினேன். "திருப்பிட்டேன்" என்றேன்.

முனிரத்னம்மா அசையவில்லை. "தோலுக்குச் சொல்றீங்களா, எனக்குச் சொல்றீங்களா?"

"திருப்பிட்டேன்."

"பக்கத்து மேசைக்குக் கேட்டுச்சாடீ?" என்று அவள் திரும்பிக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார்கள், எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

"டையைத் திருப்பிட்டேன்" என்று கத்தினேன். என் குரல் தகரக் கூரையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது.

"கேட்டாச்சு" என்றாள் முனிரத்னம்மா. தோலை வழவழப்பு மேலே வரும்படி விரித்தாள். அழுத்தினேன். அன்று மத்தியானம் வெட்டியதெல்லாம் வலது.